பழைய டைல்ஸ் இருக்கட்டும். பணம் போக வேண்டிய இடம் வேறு

கடைக்குக் கொள்முதல் செய்யும்போது நாம் எத்தனை கணக்குப் போடுகிறோம்! மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைவு என்றால் வேறு மண்டிக்குப் போகிறோம். சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, எடையைச் சரிபார்த்த பிறகே பணத்தை எண்ணி வைக்கிறோம். வீட்டில் ஒரு மராமத்து வேலை என்று வந்துவிட்டால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கல்லாப்பெட்டியோடு நின்றுவிடுகிறது. கொத்தனார் சொன்னதே எஸ்டிமேட், டைல்ஸ் கடையில் காட்டியதே மாடல் என்று ஆகிவிடுகிறது. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது வீட்டுச் செலவுக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

நம் வணிகர்களில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. சிலருக்கு முன்கட்டு கடை, பின்கட்டு வீடு. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய அந்த வீடுகளின் குளியலறையில் 6 அங்குலத்துக்கு 6 அங்குலம் அல்லது 8க்கு 12 அளவில் வெள்ளை டைல்ஸ் இடுப்பு உயரத்துக்கோ தோள் உயரத்துக்கோ ஒட்டியிருக்கும். மேலே சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். இணைப்புகள் கறுத்திருக்கும், குழாயடியில் உப்புப் படிந்திருக்கும். பார்க்க அழகில்லைதான். ஆனால் அழகு கெட்டதா, அறையே கெட்டதா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் 'எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகப் போட்டுவிடலாம்' என்று இறங்குவதுதான் பணத்தை இழுத்துவிடுகிறது.

உடைப்பதன் உண்மைக் கணக்கு

5 அடி அகலம், 7 அடி நீளமுள்ள சாதாரணக் குளியலறையை எடுத்துக்கொள்வோம். தரை 35 சதுர அடி. சுவரில் 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் போட்டால், கதவு நீங்கலாகச் சுமார் 150 சதுர அடி. ஆக 185 சதுர அடிக்கு டைல்ஸ் வாங்க வேண்டும். கழிவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 200 சதுர அடியைத் தாண்டும். கடையில் விலை கேட்கும்போது நம் மனதில் நிற்பது இந்த ஒரு கணக்குதான்.

மற்றவை பிறகு வரும். பழைய டைல்ஸை உடைக்கும் கூலி. பின்னால் இருக்கும் கலவையோடு சேர்த்து இருபது மூட்டைக்குக் குறையாத இடிபாடு. அதை மாடியிலிருந்து இறக்கும் கூலி, வண்டி வாடகை. மறுபூச்சுக்கு மணலும் சிமெண்டும். உடைக்கும் அதிர்ச்சியில் சுவருக்குள் இருக்கும் பழைய இரும்புக் குழாய் விரிசல் விட்டால் அதற்கு ஒரு தனிச் செலவு. ஒரே குளியலறை உள்ள வீட்டில் பத்து, பதினைந்து நாட்கள் பெரியவர்களும் குழந்தைகளும் பக்கத்து வீட்டைத் தேடிப் போக வேண்டும்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அது கடையின் சுழல் முதல்தான். மொத்த வியாபாரிக்குப் பத்து நாளில் கட்ட வேண்டிய தொகை டைல்ஸாகச் சுவரில் ஒட்டிக்கொண்டால் அது திரும்பி வராது. தீபாவளிச் சரக்கு எடுக்கும் நேரத்தில் கையில் முதல் இல்லாமல் வட்டிக்கு வாங்கினால், அந்த வட்டியையும் குளியலறைக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

உடைக்குமுன் மூன்று சோதனைகள்

இந்தச் சோதனைகளுக்குப் பணச் செலவு கிடையாது. இரண்டு நாள் பொறுமை போதும்.

முதலாவது, தட்டிப் பார்ப்பது. ஒரு ரூபாய் நாணயத்தையோ சாவியையோ கொண்டு ஒவ்வொரு டைல்ஸையும் தட்டுங்கள். கெட்டியாக ஒட்டியிருந்தால் 'டக் டக்' என்று கேட்கும். பின்னால் காலியாக இருந்தால் தேங்காய் ஓட்டைத் தட்டியதுபோல வெற்றொலி வரும். வெற்றொலி வரும் டைல்ஸில் சாக்பீஸால் குறியிடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இருந்தால் அவற்றை மட்டும் எடுத்து ஒட்டினால் போதும். ஒரு சுவர் முழுவதும் வெற்றொலி வந்தாலோ, டைல்ஸ் வயிறு தள்ளி நின்றாலோ, அந்தச் சுவரை உடைக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, தொட்டிச் சோதனை. இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் தண்ணீர் திறக்குமுன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால், தண்ணீர் வரும் குழாயிலோ கழிவறைத் தொட்டியின் வால்விலோ கசிவு இருக்கிறது. இதற்கும் டைல்ஸுக்கும் தொடர்பில்லை.

மூன்றாவது, தேக்கிப் பார்ப்பது. தரையில் தண்ணீர் போகும் ஜாலியைத் துணியும் பாலிதீனும் வைத்து இறுக அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, 24 மணி நேரம் விடுங்கள். கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் புதிதாகப் படர்ந்தால் தரைவழியாக நீர் இறங்குகிறது என்று பொருள். தேக்கும்போது ஈரம் இல்லாமல், அடைப்பை எடுத்துத் தண்ணீரை விடும்போது மட்டும் ஈரம் வந்தால், குறை கழிவுநீர்க் குழாயின் இணைப்பில் இருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பல வீடுகளில் தரை முழுவதையும் உடைத்துவிட்டு, பிறகும் கசிகிறதே என்று கவலைப்படுகிறார்கள்.

கீழே கிடங்கு வைத்திருப்பவர்கள் இந்த மூன்றாவது சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை, உப்பு, வெல்லம், மைதா, ரவை எல்லாம் ஈரத்தை இழுக்கும் சரக்குகள். கூரையிலிருந்து சொட்டினால்தான் நஷ்டம் என்பதில்லை. சுவர் நமத்திருந்தாலே, அதை ஒட்டி அடுக்கிய மூட்டைகள் கட்டிதட்டும், பூஞ்சை பிடிக்கும். குளியலறையை அழகாக்கும் செலவைத் தள்ளிப்போடலாம். கசிவை நிறுத்தும் செலவைத் தள்ளிப்போட முடியாது.

முதல் பணம் குழாய்க்கு

முப்பது ஆண்டுப் பழைய வீட்டில் சுவருக்குள் பெரும்பாலும் ஜி.ஐ. குழாய்தான் இருக்கும். உள்ளே துருப்பிடித்து வழி அடைபட்டு, தண்ணீர் நூலாக வரும். இதை மாற்றச் சுவரை உடைக்க வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தேவையில்லை. பழைய குழாயைத் தொட்டியடியிலேயே துண்டித்து அடைத்துவிட்டு, புதிய குழாயை வெளிச்சுவர் வழியாகக் கொண்டுவந்து, டைல்ஸுக்கு மேலே உள்ள பூச்சில் ஒரு துளை போட்டு உள்ளே எடுத்து, சுவரின் மேலேயே கிளாம்ப் வைத்து இறக்கலாம். பார்வைக்குக் கொஞ்சம் தெரியும். ஆனால் நாளைக்கு எங்கே கசிந்தாலும் கண்ணால் பார்த்து உடனே சரிசெய்யலாம்.

சுடுநீர் போகும் வழிக்குக் கட்டாயம் சி.பி.வி.சி. குழாய்தான் போட வேண்டும். சாதாரண பி.வி.சி. குழாய் ஹீட்டர் தண்ணீரின் சூட்டில் இளகிவிடும். குளியலறைக்கென்று தனியாக ஒரு கேட் வால்வும், ஒவ்வொரு சாதனத்துக்கும் ஆங்கிள் காக்கும் வையுங்கள். ஒரு குழாயின் வாஷரை மாற்ற வீடு முழுவதும் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்காது.

கழிவறைத் தொட்டியையும் இப்போதே மாற்றிவிடலாம். பழைய தொட்டிகள் ஒரு முறைக்குப் பத்து லிட்டரும் அதற்கு மேலும் கொட்டும். இப்போது வரும் இரட்டைப் பொத்தான் தொட்டிகளில் முழு அழுத்தத்துக்கு 6 லிட்டர், அரை அழுத்தத்துக்கு 3 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவர் ஒரு நாளில் ஐந்து முறை பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். பழைய தொட்டிக்கு 250 லிட்டர். புதியதில் ஐந்து முழு, இருபது அரை என்றால் 90 லிட்டர். தினம் 160 லிட்டர் மிச்சம். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பழைய கோப்பைகள் சில, குறைந்த தண்ணீரில் சரியாக அலசாது. வாங்குமுன் ஒரு வாளியில் 6 லிட்டர் அளந்து வேகமாக ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

கெட்ட வாடை வருகிறது என்றால் டைல்ஸைக் குறை சொல்ல வேண்டாம். தரை ஜாலிக்கு அடியில் உள்ள டிராப்பில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் சாக்கடைக் காற்றைத் தடுக்கும் கதவு. டிராப் உடைந்திருந்தாலோ, தண்ணீர் வற்றினாலோ வாடை மேலேறும். டிராப்பை மாற்ற அதைச் சுற்றி நான்கு டைல்ஸ் எடுத்தால் போதும்.

அடுத்த பணம் இணைப்புகளுக்கு

டைல்ஸ் வழியாகத் தண்ணீர் இறங்குவதில்லை. இரண்டு டைல்ஸுக்கு இடையே உள்ள இணைப்பு வழியாகத்தான் இறங்குகிறது. அந்தக் காலத்தில் வெள்ளை சிமெண்டைக் குழைத்துப் பூசிவிடுவார்கள். நாளடைவில் அது கரைந்து, கறுத்து, பள்ளமாகிவிடும். அதன் மேலேயே புதிய சிமெண்டைப் பூசினால் சில மாதங்களில் பொருக்காக உதிரும்.

பழையதை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். இதற்கென்று சிறிய ரம்பம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. தூசியைத் துடைத்து, அறையை நன்றாகக் காயவிட்டு, பிறகு எபாக்ஸி கிரவுட் அடைக்க வேண்டும். சிமெண்ட் வகையைவிட விலை கூடுதல்தான். ஆனால் தண்ணீர் குடிக்காது, கறை எளிதில் பிடிக்காது. பணம் போதவில்லை என்றால் தரைக்கும், சுவரில் தரையிலிருந்து மூன்று அடி உயரத்துக்கும் எபாக்ஸி, மற்ற இடத்துக்குச் சிமெண்ட் வகை என்று பிரித்துக்கொள்ளலாம். எபாக்ஸி சீக்கிரம் இறுகும் பொருள். வழிந்ததை உடனுக்குடன் துடைக்காவிட்டால் டைல்ஸ் மேலேயே கல்லாகிவிடும். ஆகவே முன்பு இந்த வேலை செய்தவரையே வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரும் தரையும் சேரும் மூலையிலும், குழாய்கள் சுவருக்குள் நுழையும் இடங்களிலும் இறுகும் கலவை நிற்காது; விரிசல் விடும். அங்கெல்லாம் ரப்பர்போல நெளியும் சிலிகான் சீலண்ட் போட வேண்டும். இணைப்பு அடைத்த வெள்ளைக் கோடுகள் நேராகத் தெரிய ஆரம்பித்தாலே பழைய டைல்ஸ் பாதிப் புதிதாகத் தெரியும்.

சுத்தம் செய்ய நம் கடைச் சரக்கே போதும்

குளியலறை என்றாலே ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆசிட் உப்பை மட்டும் கரைப்பதில்லை. டைல்ஸ் இணைப்பில் உள்ள சிமெண்டையும் தின்றுவிடும். குழாய்களின் பளபளப்பு முலாமையும் கெடுக்கும். மொசைக் தரைக்கும், காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல்லுக்கும் ஆசிட் பகை. அவை சிமெண்டால் செய்தவை, சூளையில் சுட்டவை அல்ல.

சோப்பு அழுக்குக்குச் சலவை சோடா போதும். ஒரு வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி கலந்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். கையுறை அவசியம். ஆழ்குழாய்த் தண்ணீரின் வெள்ளை உப்புக்கறைக்கு எலுமிச்சை உப்பு நல்லது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் மூன்று மேசைக்கரண்டி கரைத்து, கறை மேல் துணியை நனைத்து ஒட்டி, இருபது நிமிடம் கழித்துத் தேய்த்தால் இளகிவிடும். இதுவும் புளிப்புதான் என்பதால் மொசைக், மார்பிள், ஆத்தங்குடிக் கல்லில் பயன்படுத்த வேண்டாம். முதலில் சோடா, நன்றாக அலசிய பிறகு எலுமிச்சை உப்பு என்ற வரிசை வேண்டும். இரண்டையும் கலந்தால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சிறு குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் விற்கும் நாம் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்வது நல்லது. ஆசிட் விற்பனைக்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்ததை உறுப்பினர்கள் அறிவார்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது. வாங்குபவரின் அடையாளச் சான்றைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

உடைந்த டைல்ஸுக்கு மாற்று

பழைய வெள்ளைக்குச் சமமான வெள்ளை கடையில் கிடைக்காது. வெள்ளையிலேயே பல சாயல்கள் உண்டு. ஆகவே ஒரே மாதிரி தேடி அலைவதைவிட, வேண்டுமென்றே வேறு நிறம் வைப்பது நல்லது. நீலமோ பச்சையோ ஒரு வரிசை முழுவதும் பட்டையாக ஓட்டினால், ஒட்டுப்போட்டது தெரியாது. திட்டமிட்டுச் செய்ததுபோல இருக்கும். 6 அங்குல டைல்ஸ் கிடைக்காவிட்டால் பெரிய டைல்ஸை மெஷினில் வெட்டி வாங்கலாம். அதே டைல்ஸ்தான் வேண்டும் என்றால், கண்ணாடிக்குப் பின்னால் அல்லது கதவு மறைக்கும் இடத்தில் இருக்கும் நல்ல டைல்ஸை எடுத்து முன்னால் வைக்கலாம். எடுத்ததை ஒட்டும்போது சிமெண்ட் பால் வேண்டாம். டைல்ஸ் ஒட்டும் பசையே பிடிப்பாக நிற்கும்.

டைல்ஸுக்கு மேலே உள்ள சுவருக்கு ஈரம் தாங்கும் பெயிண்ட் அடித்தால் போதும். டைல்ஸ் மேலேயே பூசும் எபாக்ஸி பெயிண்டும் இருக்கிறது. சுவருக்கு அது சரி. தண்ணீர் நிற்கும் தரைக்கும், தினம் குளிக்கும் இடத்துக்கும் அதை நம்ப வேண்டாம். உரிந்துவிட்டால் முன்பைவிட மோசமாகத் தெரியும்.

தரையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

பழைய பளபளப்பு டைல்ஸ் தரையில் இருந்தால், சோப்புத் தண்ணீரில் அது எண்ணெய் கொட்டிய தரை மாதிரி. வீட்டில் வயதானவர் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், ஆஸ்பத்திரிச் செலவில் எத்தனையோ குளியலறை கட்டலாம். அவர் பழையபடி நடப்பாரா என்பதும் சந்தேகம்.

தேக்கிப் பார்த்ததில் கசிவு இல்லை, பழைய டைல்ஸும் கெட்டியாக இருக்கிறது என்றால், உடைக்காமலே அதன் மேல் சொரசொரப்பான தரை டைல்ஸ் ஒட்டலாம். மணல் சிமெண்ட் கலவை வழவழப்பில் பிடிக்காது. டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டுவதற்கென்றே உள்ள பசையைக் கேட்டு வாங்க வேண்டும். தரை சுமார் அரை அங்குலம் உயரும். அதனால் கதவின் அடியைச் சீவ வேண்டும், ஜாலியை உயர்த்த வேண்டும். உயர்ந்த பிறகும் குளியலறைத் தரை, வெளி அறையைவிட அரை அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். தண்ணீர் ஜாலியை நோக்கி ஓட, அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் சரிவு இருந்தால் சரி.

அதற்கும் வசதியில்லை என்றால் அடியில் உறிஞ்சும் குமிழ்கள் உள்ள ரப்பர் விரிப்பும், சுவரில் ஸ்டீல் கைப்பிடியும் உடனடியாக வையுங்கள். கைப்பிடி, பெரியவர் நின்றால் இடுப்பு உயரத்தில், வெற்றொலி வராத சுவரில் இருக்க வேண்டும். துளை போடும்போது டைல்ஸ் மேல் ஒட்டு டேப் ஒட்டி, டிரில்லை மெதுவாக ஓட்டினால் டைல்ஸ் வெடிக்காது.

மின்சாரமும் காற்றும்

ஹீட்டருக்கு நில இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. பொருத்துவது உயிர்க்காப்பு. ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். கேஸ் ஹீட்டரை மூடிய குளியலறைக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடு வாடையில்லாமல் கொல்லும். ஒரு சிறு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் ஈரம் சீக்கிரம் காயும், பூஞ்சை குறையும். பழைய மஞ்சள் பல்பை எடுத்துவிட்டு நல்ல வெளிச்சமுள்ள எல்.இ.டி. விளக்கு போட்டாலே அறை பெரிதாகத் தெரியும்.

எப்போது உடைத்தே ஆக வேண்டும்?

தேக்கிப் பார்க்கும் சோதனையில் கீழே ஈரம் வந்தால், தரை முழுவதும் வெற்றொலி கேட்டால், கூரைக் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழுந்தால் தாமதிக்காதீர்கள். தரையையும், சுவரில் ஓர் அடி உயரத்தையும் எடுத்து, நீர்க்காப்புப் பூச்சுப் பூசி, மறுபடி தண்ணீர் தேக்கிச் சோதித்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும். அப்போதும் மேலே உள்ள சுவர் டைல்ஸ் அப்படியே இருக்கலாம். இந்திய வகைக் கோப்பையை மாற்றி மேற்கத்திய வகை வைப்பதற்கும் அந்த இடத்துத் தரையை மட்டும் எடுத்தால் போதும்.

கணக்கில் கவனம்

வாங்கும் சாமான்களுக்குப் பில் வாங்குங்கள். உத்தரவாதம் கேட்கப் பில் வேண்டும். ஆனால் அந்தப் பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டு வரியைத் திரும்ப எடுக்க நினைக்க வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. கடைப் பணத்தில் செலவழித்தால் அதை முதலாளியின் சொந்தப் பற்றுக் கணக்கில் எழுதுங்கள். கடை ஊழியர்களுக்கான கழிவறை என்றால் அது வேறு கணக்கு. உங்கள் ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள். டைல்ஸுக்கான வரி 2017 நவம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகவும், சிமெண்டுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 ஆகவும் குறைக்கப்பட்டன. பில்லில் அதற்கு மேல் போட்டிருந்தால் கேட்க வேண்டும்.

வேலை வரிசை

1. மூன்று சோதனைகள்; குறைகளைத் தாளில் எழுதுதல்.
2. பிளம்பர், எலக்ட்ரீஷியன் வேலைகள்.
3. அறையைக் கழுவிக் காயவைத்தல்.
4. ஆடிய டைல்ஸை எடுத்து ஒட்டுதல், தரை வேலை.
5. இணைப்புகளும் மூலைகளும் அடைத்தல். இதன் பிறகு குறைந்தது ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. டப்பாவில் போட்டுள்ள நேரத்தைப் பாருங்கள்.
6. பெயிண்ட்.
7. குழாய், கண்ணாடி, கைப்பிடி, விளக்கு.

கொத்தனாரிடம் மொத்தமாக ஒரு தொகை பேசாமல், இந்த வரிசைப்படி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எஸ்டிமேட் கேளுங்கள். இரண்டு பேரிடம் வாங்கி ஒப்பிடுங்கள். பணம் குறைந்தால் ஆறாவதையும், ஏழாவதில் கைப்பிடி நீங்கலாக மற்றவற்றையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். முதல் ஐந்தைத் தள்ளக் கூடாது. பொங்கல் வியாபாரம் முடிந்து மழையும் இல்லாத மாசி, பங்குனி மாதங்கள் இந்த வேலைக்கு வசதியானவை. சுவர் காய்ந்திருக்கும், கடையிலும் கூட்டம் குறைந்திருக்கும்.

இன்று இரவே தொட்டியின் மட்டத்தைக் குறித்து வைத்துச் சோதனையைத் தொடங்கிவிடலாம். கிடங்குக்கு மேலே குளியலறை உள்ள உறுப்பினர்கள், அடுத்த சரக்கை இறக்குமுன் தேக்கிப் பார்க்கும் சோதனையையும் செய்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.